பிரஷ்ஷுக்கு அடியில கம்பளம்

அட, பேட்டரியத் திட்டாதீங்க தம்பி. அது பாவம், நல்ல பேட்டரி. ராத்திரி சார்ஜர்ல போட்டு, காலையில ஹாரன அடிச்சேன், மேட்டுல நின்ன ஆடெல்லாம் தெறிச்சு ஓடுச்சு. ஓட்ட ஓட்டத்தான் சாகுது. லைட்டு மங்கி மஞ்சளாகும், ஏத்தத்துல வண்டி படுத்துரும். செலவு இருக்கு, வரவு இல்ல. அப்ப டைனமோப் பக்கம்தானே கோளாறு?

எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? ஜோல்தோஷ் சொல்லிக் குடுத்தாரு. ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடு. சந்தை நாளானா மீட்டரத் தூக்கிட்டு வந்துருவாரு. ரிப்பேர் முடிஞ்சா டீ. வந்தவங்கள ஒரு வாய் ரொட்டி பிச்சுப் போடாம அனுப்ப முடியுமா? அவரும் ஒரே துண்டுதான் பிச்சுக்குவாரு. அதத் திங்கத்தான் பொழுது சாஞ்சுரும். சிரிக்காதீங்க!

என் கொழுந்தன் மாரத்துதானே உங்கள கோச்கோர் டவுன்லருந்து அனுப்பினான்? அண்ணி வீட்டுக்கு அந்த ஆளு எதுக்கு வாராவாரம் வரான்னு அவனுக்கு வயித்தெரிச்சல். வண்டிய ஒரேயடியா சரி பண்ணிட்டா வரத்து நின்னுரும்னு கணக்கு. அவங்க அண்ணன், என் வீட்டுக்காரரு, போயி நாலஞ்சு குளிர்காலம் ஆச்சு. இந்த வீட்டுல சத்தம் போடறதுக்கு சைடுல ஆளு உக்கார தொட்டி வச்ச இந்த பைக்க விட்டா வேற யாரு இருக்கா?

ஐயோ, அந்த வயரத் தொடாதீங்க! ம்... பாத்துட்டீங்களா. லூசாத்தான் கெடக்கும். தானா எப்படிக் கழலும்? நான்தான். சந்தைக்கு முந்தின சாயங்காலம் ஸ்பேனர வெச்சு ஒரு திருகு. வண்டி நல்லா ஓடினா அவரு எதுக்கு வரணும்? வண்டியப் பாக்க வராரா, என்னப் பாக்க வராரான்னு எப்படிக் கேக்கறது? மாரத்துகிட்ட மூச்சு விட்டீங்க, உங்களுக்கு டீ கிடையாது.

மாட்டியாச்சா? உதைங்க. நல்லா முறுக்குங்க. என்ன, மீட்டர்ல முள்ளு ஏறலையா? வயர மாட்டினா ஏறணுமே! எப்பவும் அது ஒண்ணுதானே கோளாறு. டைனமோ மூடியத் தொறங்க.

என்னது அது? கரண்ட் எடுக்குற அந்தக் கார்பன் பிரஷ்ஷுக்கு அடியிலயா? துணியா? இல்லல்ல, ஆட்டு மயிர அமுக்கிச் செஞ்ச கம்பளம். இங்க குடுங்க. சத்தியமா இத நான் வைக்கல தம்பி!

வெள்ளைக் கம்பளம், கறுப்பு ஓரம்... இருங்க இருங்க. போன வாரம் அவரோட கல்பாக் தொப்பி ஓரத்துல இத்தனூண்டு காணோம். என்னங்க இதுன்னு கேட்டா, எலி கடிச்சிருச்சுன்னாரு. தொப்பியத் தரையில கூட வைக்க மாட்டாரு தம்பி அந்த மனுஷன்! அதப் போயி கத்தரிச்சு...

ஐயோ, சிரிச்சு வயிறு வலிக்குது. நான் ஒரு பக்கம் கழட்ட, அவரு ஒரு பக்கம் அடைக்க... இந்த வண்டி எங்கள என்னன்னு நெனச்சிருக்கும்!

அந்தா, பாலத்துல புழுதி கெளம்புது பாருங்க. அவருதான், இன்னிக்குச் சந்தை நாளாச்சே. வயர இறுக்கி முடுக்குங்க, இன்னிக்கு வண்டி ஜோரா ஓடட்டும். இந்தத் துண்டு எங்கிட்ட இருக்கட்டும். உள்ள போயி ஊசி நூலு எடுத்துட்டு வரேன், அவரு தொப்பியில தைக்கணும்.