பாதி முட்டை

பொன்மணி: நேத்து வச்சிட்டுப் போன முட்டைய, பக்கத்துக் கட்டில்காரருக்குக் குடுத்துட்டீகளாமே?

பெத்தணன்: பாவம்... அவரு பாத்துக்கிட்டே இருந்தாரு.

பொன்மணி: ரெண்டு கையும் வெந்து கட்டுல கெடக்கு, இதுல அன்னதானம் வேறயா? வாயத் தொறங்க.

பெத்தணன்: முட்டை தின்னா புண்ணு சீப்பிடிக்கும் புள்ள.

பொன்மணி: யாரு சொன்னா? கட்டுப் பிரிக்கையில சிஸ்டரம்மா என்னையப் பிடிச்சு ஏசுறாக... "கஞ்சியா ஊத்துனா வெந்த சதை எதைத் தின்னு வளரும்?"னு.

பெத்தணன்: நல்லாத்தான் பேசுறாக.

பொன்மணி: சிரிக்காதீக. வெள்ளிக்கெளம தொடைத்தோல எடுத்துக் கையில ஒட்டணுமாம். ஒடம்புல சத்து இல்லேன்னா பிடிக்காதாம். பிடிக்கலேன்னா... வெரலு...

பெத்தணன்: சொல்லு.

பொன்மணி: முட்டைய முழுங்குங்க, சொல்றேன்.

பெத்தணன்: சங்கிலிமுத்து திங்கிறானா?

பொன்மணி: உங்க தம்பியா... மதுரை ஆஸ்பத்திரியில... ம், நல்லாத் திங்கிறாராம்.

பெத்தணன்: ஒரே ரூம்புலதான் பட்டாசுக்கு மருந்தடைச்சோம். என்னையவிட அவன்தான் தீக்குக் கிட்ட... செல்லுல போடு, ஒரு வார்த்தை பேசிக்கிறேன்.

பொன்மணி: வாயில கொழா சொருகியிருக்காம். பேச முடியாதாம்.

பெத்தணன்: கொழாயோடயா நல்லாத் திங்கிறான்?

பொன்மணி: ...கரைச்சு ஊத்துவாகளா இருக்கும். ஏன் என்னையப் போட்டு இம்சை பண்றீக?

பெத்தணன்: சரி, பேரத்த முடிப்போம். பாதி நீ தின்னு. மீதி நான்.

பொன்மணி: நான் சாப்புட்டுத்தான் வந்தேன்.

பெத்தணன்: என்னத்த?

பொன்மணி: ரசஞ்சோறு.

பெத்தணன்: நேத்தும் ரசந்தான். கருவாடு இல்லாம சோறு எறங்காதே ஒனக்கு?

பொன்மணி: வெரதம்.

பெத்தணன்: எந்தச் சாமிக்கு?

பொன்மணி: ...உங்க கைக்குத்தான்.

பெத்தணன்: அப்ப நானும் வெரதம். மூடி வையி.

பொன்மணி: வெரலு போயிரும்யா!

பெத்தணன்: போகட்டும்.

பொன்மணி: ...இந்தா, பாருங்க. பாதி தின்னுட்டேன். போதுமா? இப்பத் தொறங்க வாய.

பெத்தணன்: ஏய்... துப்புடி! துப்பு!

பொன்மணி: முழுங்கியாச்சு.

பெத்தணன்: ஏன்டி தின்ன? அவன் கருமாதி முடியலையேடி இன்னும்... என்னைய இங்க தூக்கிட்டு வந்த அன்னைக்கே தெரியும் எனக்கு, தம்பி போயிட்டான்னு. அதான் கவுச்சி தொடல. நீயாச் சொல்லுவேன்னு கெடந்தேன்... அழாத. அந்த மீதிய ஊட்டு. பாவத்துல பாதி எனக்கும் சேரட்டும்.