இருநூற்றுப் பத்தாம் நாளுக்கு முந்தின நாள்

ரத்மினி: மெதுவா பேசு, உன் புள்ள தூங்குது. முதல்ல இவ முட்டியப் பாரு.

கோமாங்: பாத்தேன். முட்டி.

ரத்மினி: என்ன நிறம்?

கோமாங்: நம்ம குடும்ப நிறம்தான்கா...

ரத்மினி: கொழுப்பா? காய்ச்சுப் போயிருக்குடா! பாலியில நம்ம குடும்பத்துல எந்தப் புள்ளையாவது இருநூத்திப் பத்து நாளுக்கு முன்னாடி மண்ணத் தொட்டிருக்கா? நாளைக்கு விடிஞ்சா மண்ணு தொடற சடங்கு. ஒரு நாள்... ஒரே ஒரு நாள் உனக்குப் பொறுக்கலையா?

கோமாங்: நான் ஒண்ணும்...

ரத்மினி: ஃபிரிட்ஜ் கதவுல என்ன ஒட்டியிருக்க?

கோமாங்: அதுவா... சுகாதார நிலையத்துல குடுத்தாங்க. எந்த மாசத்துல குழந்தைக்கு என்ன விளையாட்டு காட்டணும்னு.

ரத்மினி: படி.

கோமாங்: "ஆறாம் மாதம். வீட்டில்: கண்ணாடியில் முகம் காட்டவும். கரண்டியும் கிண்ணமும் கொடுத்துத் தட்ட விடவும்."

ரத்மினி: அடுத்தது.

கோமாங்: கரண்டியில என் பொண்ணு சுவாரி நல்லாத் தேறிட்டாக்கா. நேத்து என் மண்டையிலயே...

ரத்மினி: அடுத்ததுடா!

கோமாங்: "வெளியில்: புல்தரையில் குப்புற விடவும்."

ரத்மினி: அதுக்கு நேரா சரின்னு கோடு போட்டிருக்கு! யாரு போட்டா? பல்லியா?

கோமாங்: புல்லுக்கு மேலதான் பிடிச்சிருந்தேன். ரெண்டு விரக்கடை உயரத்துல. புல்லுதான் வளந்து வந்து...

ரத்மினி: வாய்லயே போடுவேன்! நாளைக்கு ஊரே வருது. பூசாரி இவளத் தரையில இறக்குவாரு. முதல் தடவையா மண்ணத் தொடற புள்ள எப்படி இருக்கணும்? மிரளணும். அழணும். இவ நாலு கால்ல பிச்சுக்கிட்டு ஓடினா, என் மானம் என்னாகும்? போன வருஷம் எதிர்வீட்டுப் புள்ள நூத்தித் தொண்ணூறாம் நாள் பாயிலேருந்து மண்ணுல உருண்டுச்சுன்னு, நான்தானே தெருவுல நின்னு கத்தி அவங்கள மறுபடியும் பூசை பண்ண வச்சேன்?

கோமாங்: மூணு நாள் கத்தினே.

ரத்மினி: கத்தினேன்ல? நாளைக்கு அந்த எதிர்வீட்டுக்காரி முன்வரிசையில வந்து உக்காருவா!

கோமாங்: சரி... ஒத்துக்கறேன். போன ஞாயித்துக்கிழமை. ஒரே தடவை. மூணு நிமிஷம்.

ரத்மினி: அடப்பாவி...

கோமாங்: ஓடவெல்லாம் இல்ல. புல்லுல வச்சதும் எதையோ தேடற மாதிரி சுத்திச் சுத்திப் பாத்தா. "குவாக், குவாக்"ன்னா.

ரத்மினி: ...குழந்தைங்க எதையாவது சொல்லும்.

கோமாங்: மூணு நிமிஷத்துல முட்டி காய்க்குமாக்கா?

ரத்மினி: மெல்லிசு தோலு.

கோமாங்: பகல் முழுக்க உன்கிட்டதானே இருக்கா?

ரத்மினி: என் இடுப்புல இருக்கா! இறக்கி விட்டேன்னு எவளாவது சொல்லட்டும், நாக்க அறுத்துடறேன்!

கோமாங்: சடங்குக்கு முந்நூறு படையல் தட்டு முடைஞ்சிருக்கே.

ரத்மினி: ஆமா. தனியாளா. யாரு ஒரு வார்த்தை பாராட்டினீங்க?

கோமாங்: தென்னங்குருத்த மடிச்சுப் பிடிக்க ஒரு கை. மூங்கில் ஊசி குத்த ஒரு கை. இடுப்புல புள்ளையப் பிடிக்க ஒரு கை... மொத்தம் உனக்கு எத்தனை கைக்கா? உன் வீட்டுப் பின்கட்டுல வாத்து வேற வளக்கிறே.

ரத்மினி: முட்டைக்குத்தான்டா வளக்கிறேன்.

கோமாங்: இவ்வளவு நேரம் என்னைப் போட்டு என்னா வாங்கு வாங்கினே! பல்லியாம்! பாவியாம்! நான் மூணு நிமிஷம் வச்சதுக்கு...

ரத்மினி: கத்தாதடா, முழிச்சுக்குவா.

கோமாங்: இந்தத் தாள்ல கடைசியா ஒண்ணு இருக்கு. எட்டாம் மாசத்துக்கு. "ஓடும் பொருளின் பின்னால் தவழ விடவும்." அந்தக் கட்டம் மட்டும் காலி.

ரத்மினி: ...அதுலயும் கோடு போட்டுரு. அப்புறம், காலையில முதல் வேலையா என் வாத்த எல்லாம் வயலுக்கு ஓட்டி விட்டுடு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒண்ணு கத்தினாக்கூட, இவ பூசாரி காலுக்கு நடுவுல பூந்து போயிடுவா.