ஐந்தாவதாக வந்த அணிக்கு ஒரு ப்ளே ஆஃப்

தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அன்று, மராத்தி பேசும் இந்த ஊரில், ஔந்திலிருந்து கேம்ப் பகுதிக்குப் போகும் டவுன் பஸ்ஸில் என் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முன் சீட்டில், சேறு படிந்த கால்பந்து ஜெர்சியோடு ஒரு கல்லூரிப் பெண். பக்கத்தில் அவள் அப்பா. பஸ்ஸில் யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் சத்தமாகவே பேசினார்கள்.

"காலேஜ் லீக்கை இப்படியே முடிச்சா எப்படி? நானா இருந்தா முதல் நாலு டீமை வச்சு ப்ளே ஆஃப் நடத்துவேன்."

"நாங்க அஞ்சாவது, டாடி."

"அப்ப ஆறு டீம்."

"ஆறுன்னா நாங்க நாலாவது டீமோட ஆடணும். இன்னிக்கு எங்களை அடிச்சதே அவங்கதான்."

"அரே, எட்டா வச்சுக்கோ."

"எட்டு வச்சாலும் அஞ்சாவதுக்கு நாலாவதுதான். கணக்கே வராதா உங்களுக்கு?"

"சரி, சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாம்."

அவள் சிரித்தாள். சிரிப்போடு குரலும் உடைந்தது.

"ஃபைனல் இயர், டாடி. இதுக்கப்புறம் எனக்கு மேட்ச்சே இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளே சொன்னாள்.

"சீட்டெல்லாம் வேணாம். அவங்களோடயே வைங்க. இன்னொரு தடவை ஆடிப் பாக்கறேன்."

"சண்டே வைக்கறேன். அன்னிக்கு எனக்கு லீவு. இன்னிக்கு மாதிரி கடைசி பத்து நிமிஷத்துக்கு ஓடி வரமாட்டேன். முதல்லேர்ந்து பாப்பேன்."

அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

என் மகளுக்கு அடுத்த வாரம் பள்ளியில் முதல் ஓட்டப்பந்தயம். அவள் மெதுவாகத்தான் ஓடுவாள். கடைசியாக வந்தால், இப்படி ஒரு கற்பனைப் போட்டி நடத்திச் சிரிக்க வைப்பதா, அழுது முடிக்கும்வரை சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது எனக்குச் சொல்லுங்களேன்.