பிள்ளை பெறாத உடம்பு

— கூச்சப்படாம படு, புதுப்பொண்ணு. ஸ்கேன் மெஷின் இன்னைக்குத்தான் நம்ம கிளினிக்குக்கு வந்திருக்கு. பிள்ளை பெறாத உடம்புல இடுப்புக்கு அடியில இருக்கிற தசை எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்து வெச்சுக்கிட்டா, நாளைக்கு வர்றவங்களுக்கு ஒப்பிட்டுப் பாக்கலாம்.

— ஜெல் ஜில்லுனு இருக்கு, அண்ணி.

— நாத்தனார் கைன்னா அப்படித்தான். ஆமா, நேத்து குட்டி உன் மடியிலேயே தூங்கிட்டாளாமே? தத்தெடுத்து வளர்க்கிறவ நான், அவ என்னடான்னா அத்தை அத்தைன்னு உன் பின்னாலயே சுத்துறா.

— கன்னத்துத் தழும்பைத் தடவிக் குடுத்தா உடனே தூங்கிடுவா.

— அது கைக்குழந்தையா வாங்கினப்பவே இருந்துச்சு. சரி, மூத்திரத்தை அடக்குற மாதிரி இறுக்கு. ம். விடு. இப்ப இருமு. இன்னொரு தடவை இறுக்கு.

— ஏன் அண்ணி, அதே இடத்தையே திரும்பத் திரும்பப் பாக்குறீங்க?

— இரு, கதவைத் தாழ் போட்டுட்டு வரேன்.

— பயமா இருக்கு. ஏதாவது கட்டியா?

— என் தம்பிக்குத் தெரியுமா?

— எது?

— மழுப்பாதே. இடது பக்கம் தசை எலும்போட ஒட்டியிருக்கு. வலது பக்கம் பிச்சுக்கிட்டு நிக்குது. கீழ விழுந்து இப்படி ஆகாதுடி. பிரசவத்துலதான் ஆகும். அதுவும் இடுக்கி மாதிரி ஆயுதம் போட்டுப் பிள்ளை தலையைப் பிடிச்சு இழுத்திருந்தா, இதே மாதிரிதான் கிழியும்.

— துடைச்சுக்க ஒரு துணி குடுங்க.

— வெட்கமே இல்லாம எங்க வீட்டுக்கு வந்து விளக்கேத்தினியே! சாயங்காலம் அவன் வருவான். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

— சொல்லுங்க. ஆனா ஆற அமர யோசிச்சுட்டு சொல்லுங்க, அண்ணி. வாழ்க்கை போறது எனக்கு மட்டும் இல்ல.

— என்னையே மிரட்டுறியா? எனக்கென்னடி போகப்போகுது?

— எனக்கு அப்பக் கல்யாணம் ஆகலை. ஒரே ஒரு தடவைதான் குழந்தை முகத்தைக் காட்டினாங்க. மயக்கம் தெளிஞ்சு கேட்டா, எங்கப்பா யாருக்கோ குடுத்துட்டேன்னாரு. தெருத்தெருவா தேடி அலைஞ்சேன். தேடினதுலதான் உங்க தம்பியே எனக்குப் பழக்கம்.

— என் தம்பியா? அவனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

— அவருக்கு ஒண்ணும் இல்ல, அண்ணி. கன்னத்துல ஆயுதம் பட்ட தழும்போட என் பொண்ணு உங்க வீட்லதானே வளர்றா.