மச்சம் இல்லாத கை

அல்தாப்: போன இன்னும் கிட்ட கொண்டு போ. நம்பர் தெரியல.

அதீபா: இதுக்கு மேல போனா மெஷினுக்குள்ளதான் போவணும், மச்சான்.

அல்தாப்: நூத்தி இருவது... எம்பது! ஏட்டி, ஒம்பதாம் மாசத்துல நீ காட்டுத மொத நல்ல பிரஷர் இதுதான்.

அதீபா: உப்ப நிறுத்திட்டேன்லா. சரி, வைக்கட்டா?

அல்தாப்: இரி, இரி. அந்த நீலம் எங்க?

அதீபா: எந்த நீலம்?

அல்தாப்: முந்தாநாளு பாத்தேனே, ஊசி குத்துன எடத்துல, கத்திரிக்கா கணக்கா. பிரஷர் ஏறுனா ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட்டு கொறையும், நீலம் கண்டா ஒடனே தென்காசிக்கு வந்துருன்னு டாக்டரம்மா சொல்லல?

அதீபா: அது... குத்தாலத்து எண்ணெய் தேய்ச்சேன். போயிட்டு.

அல்தாப்: மணிக்கட்டுல இருந்த மச்சம்?

அதீபா: ...நல்ல எண்ணெய், மச்சான்.

அல்தாப்: மச்சத்தையே அழிக்குதா! ஷார்ஜாவுக்கு ரெண்டு பாட்டில் அனுப்பு, கட போட்டுருதேன்.

அதீபா: சிரிக்க வைக்காதீங்க, வலிக்கி...

அல்தாப்: எங்க வலிக்கி?

அதீபா: சிரிச்ச எடத்துலதான்.

அல்தாப்: கை ஏன் ஆடிக்கிட்டே இருக்கு?

அதீபா: ஃபேன் காத்து.

அல்தாப்: காத்துக்குக் கை ஆடுமா? அதீபா... அது யாரு கை?

அதீபா: என் கைதான், மச்சான்.

அல்தாப்: நேத்தும் போன எடுக்கல. மூஞ்சியக் காட்டுட்டி!

அதீபா: மாமி, நீங்களே சொல்லிருங்க.

பாத்திமுத்து: ஏலே, சின்னதுல இந்தக் கையால எத்தன அடி வாங்கியிருப்ப! பெத்தவ கை தெரியலையா?

அல்தாப்: உம்மா? அப்ப... நூத்தி இருவது?

பாத்திமுத்து: என்னோடது. நீ வெளிநாடு போன பொறவு எனக்கு பிரஷரே இல்ல.

அல்தாப்: வெளையாடாதீங்க உம்மா! அவ கைக்கு என்ன?

பாத்திமுத்து: அதுல டிரிப்ஸ் ஏறுது. நீலத்தப் பாத்ததும் தென்காசில கொண்டாந்து சேத்துட்டேன். ரத்தம் உறையணுமேன்னு நேத்து பூரா எங்களுக்கு உசுரு இல்ல.

அல்தாப்: ஒரு வார்த்த சொல்லப்படாதா?

பாத்திமுத்து: ரத்தம்னு கேட்டாலே மயங்கி விழுத ஆளு நீ. அங்கன யாரு தண்ணி தெளிப்பா?

அல்தாப்: இப்ப... இப்ப எப்படி இருக்கா?

பாத்திமுத்து: பிளேட்லெட்டு கவுண்ட் ஏறிட்டு, இனி பயமில்லன்னு இப்பந்தான் டாக்டரம்மா சொல்லிட்டுப் போறா.

அல்தாப்: அல்ஹம்துலில்லாஹ்! உம்மா, வயித்துல பிள்ள?

பாத்திமுத்து: கத்தாதலே. கை ஏன் ஆடுதுன்னு கேட்டியே... அடுத்த கையில உன் மவள ஆட்டி ஒறங்க வச்சுக்கிட்டு இருக்கேன்.