ஒரு நாளைக்கு ஒரு தீக்குச்சி

எனக்கு நன்றாக நீந்தத் தெரியும். குளத்துத் தண்ணீரில் வளர்ந்தவர்களுக்கு அது சைக்கிள் ஓடுவது மாதிரி, ஒரு திறமையே அல்ல. சிவகரனுக்குத்தான் தெரியாது. சின்ன வயதில் காதில் சீழ் வடிந்ததால் தாயார் அவனைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. முழங்காலுக்கு மேலே தண்ணீர் வந்தால் திரும்பி வந்துவிடுவான். இதெல்லாம் எனக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தெரியும்.

அவன் ஆற்றுத் துறையில் இறந்ததை விபத்து என்று பொலிஸ் புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. அது உங்கள் பிழையில்லை. அன்றைக்கு யாரும் என்னிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு நானாக வந்திருக்கிறேன். நீங்கள் முதலில் கேட்டது, என் சட்டைப் பையில் ஏன் ஒரேயொரு தீக்குச்சி இருக்கிறது என்று. நான் புகைப்பதில்லை. கையில் பெட்டியும் இல்லை. நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்கலாம்.

விசுவமடுச் சந்தியில் சிறாஜ் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். குடும்பம் இடம்பெயர்ந்திருந்தபோது புத்தளத்தில் பிறந்து, பிறகு அவர்களோடு ஊர் திரும்பியவன். ஞாயிறு மத்தியானத்தில் கடையைப் பூட்டிவிட்டு நாங்கள் நான்கு பேர் உள் அறையில் ஒரு விளையாட்டு விளையாடுவோம். சிறாஜ் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்த இடத்தில் தன் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். செய்தது சரிவருமா என்பதை லூடோக் கட்டை தீர்மானிக்கும். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நாடு, கோட்டை, காடு எல்லாம் அழகாக வரைந்து வைத்திருந்தான்.

கதையில் கருங்கோன் என்று ஒரு கொடிய அரசன். சிவகரனும் அவனுடைய தங்கை யதுர்ஷிகாவும் அந்த அரசனை வீழ்த்தப் புறப்பட்டவர்கள். நான் கருங்கோனின் சிறைக்காவலன், நிலவன். ஆனால் நிலவன் நல்லவன். அப்படித்தான் வேண்டும் என்று நானே கேட்டு வாங்கினேன்.

“நல்லவனெண்டால் இஞ்சால வா, கெட்டவனெண்டால் அங்கால போ. இதென்னடா ரெண்டுங்கெட்டான்?” என்றான் சிறாஜ்.

நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் நிறைய வாசிப்பவன், ஐயா. பனி விழும் நாடுகளின் கதைகள். அவற்றில் கதாநாயகர்களை விட எனக்குப் பிடித்தவர்கள் வேறு. கொடியவனின் மாளிகையில் வேலை செய்துகொண்டே, யாருக்கும் தெரியாமல் பசித்த கைதியின் கையில் ஒரு துண்டு பாணை வைத்துவிட்டுப் போகிறவர்கள். நல்லவர்களோடு நின்று நல்லவனாக இருப்பதில் என்ன இருக்கிறது? அந்தப் பக்கம் நின்று அப்படி இருப்பதுதான் கடினம். இதைச் சொன்னபோது சிவகரன் சிரித்தான்.

“இவன் நரகத்துக்குப் போனாலும் அங்க வரிசையில நிக்கிற சனத்துக்கு மோர் ஊத்துவான் மச்சான்.”

“ஊத்துவார். கதவைத் திறந்து விடுவாரோ எண்டு கேள் அண்ணா,” என்றாள் யதுர்ஷிகா.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சிறாஜ் கொஞ்சம் யோசித்துவிட்டு, மேசையில் கிடந்த பெட்டியிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து என் முன்னால் வைத்தான். “சரி. நிலவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு இரக்கம். காட்டினவுடன குச்சியை நடுவில போட்டிட வேணும். அதுக்கு மேல காட்டினியெண்டால் கருங்கோன் உன்னைக் கண்டுபிடிச்சிடுவான்.”

எனக்கு அந்த விதி உடனே பிடித்துப்போனது. அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு ஞாயிறு, சிறையிலிருந்து ஒரு கொல்லனைத் தப்பவிட்டுக் குச்சியை நடுவில் போட்டேன். மற்றக் கைதிகளைத் தூக்கிலிட வேண்டியிருந்தது. கழுத்து உரசாமல் இருக்கக் கயிறுகளுக்கு எண்ணெய் பூசச் சொன்னேன். அதற்குச் சிறாஜ் வேறு குச்சி கேட்கவில்லை. யதுர்ஷிகா மட்டும் தேநீரைக் குடிக்காமல் எழும்பிப் போய்விட்டாள். விளையாட்டை இப்படி மனதில் எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு எனக்கு யோகலிங்கத்தாரிடம் வேலை கிடைத்தது. அவரை உங்களுக்குத் தெரியும். ஆற்றில் மணல் அள்ள அவருக்கு ஒரு இடத்தில் அனுமதி இருந்தது, அள்ளுவது வேறு இடங்களில். மண் வெட்டும் பெக்கோவுக்கும் மணல் ஏற்றும் உழவு இயந்திரங்களுக்கும் இடம் காட்டுவது என் வேலை. சனம் வந்து சத்தம் போட்டால் பேசி அனுப்புவதும் நான்தான். நான் போகாவிட்டால் வேறொருவன் போயிருப்பான். அவன் என்னைவிட மோசமானவனாக இருந்திருப்பான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வேலைக்குப் போன முதல் நாளே சட்டைப் பையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒன்று. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாகனங்களை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒருவருடைய கிணற்றடியை விட்டுவிட்டுத் தள்ளி வெட்டச் சொல்லியிருக்கிறேன். குச்சி முடிந்த பிறகு வந்தவர்களிடம், நாளைக்கு வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறேன். அஜந்தன் என்ற சாரதி ஒருநாள் பீடி பற்றவைக்க அதைக் கேட்டான். தர முடியாது என்றேன். அன்றிலிருந்து அவர்களுக்கு அது ஒரு பகிடி. “விஜி அண்ணையின்ர குச்சி இருக்கோ, முடிஞ்சுதோ?” என்று கேட்டுவிட்டுத்தான் கரையை வெட்டுவார்கள்.

யோகலிங்கத்தாருக்கும் அது தெரியும். “உனக்கு நல்ல மனசு தம்பி. இப்பிடியான தொழிலில உன்னைப் போல ஒருத்தன் கட்டாயம் வேணும்,” என்று முதுகில் தட்டுவார்.

சிவகரனின் கச்சான் தோட்டம் அக்கரையில், வீடும் அங்கேதான். நாங்கள் அள்ளியதில் கரை சரிந்து, அவனுடைய வேலி ஒரு பக்கம் ஆற்றுக்குள் போனது. முறைப்பாடு எழுதிக்கொண்டு அவன் போகாத அரசாங்கக் கந்தோர் இல்லை. ஞாயிறு விளையாட்டுக்கு மட்டும் வழமை போல வருவான். வேலியைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டான். சங்கடப்படுவேன் என்று நினைத்திருப்பான்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையில் பெக்கோ கரையில் நின்ற ஒரு மருதமரத்தைச் சாய்க்கப் போனது. பெரிய மரம். கொக்குகள் கூடு கட்டியிருந்தன, குஞ்சுகளும் இருந்தன. நான் ஓடிப்போய் மறித்தேன். யோகலிங்கத்தார் ஜீப்பில் இருந்தார். குச்சியை எடுத்து ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்தேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சரியடாப்பா, விட்டாச்சு. மரத்தை விட்டால் மண்ணை எங்க எடுக்கிறது? அதையும் நீயே காட்டு.”

நான் துறையைக் காட்டினேன். சனம் அக்கரைக்கு நடந்து போகிற துறை. கோடையில் அங்கே தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது. பெக்கோ அதன் நடுவில் ஓர் ஆளை விட ஆழமாக வெட்டியது. மேலே குளத்தின் மதகுக் கதவு திறந்திருந்ததால் மத்தியானத்துக்குள் கலங்கல் தண்ணீர் வந்து, வெட்டிய கிடங்கை மூடியது. பார்த்தால் பழைய துறை மாதிரியே இருந்தது.

பொதுமக்கள் இறங்கிவிடக்கூடாது என்று ஒரு நீளக் கம்பு வெட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டினேன். யாரும் சொல்லி அதைச் செய்யவில்லை. நடுவதற்காக அதைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போனபோதுதான், முட்பற்றைக்குள் இருந்து சிவகரன் வந்தான்.

அவன் காலையில் மரத்தடியை வீடியோ எடுத்திருக்கிறான். அஜந்தன் அந்தப் பக்கம் திரும்பியதும் பற்றைக்குள் படுத்தவன், வாகனங்கள் எல்லாம் போகும் வரைக்கும் எழும்பவில்லை. அதனால் பெக்கோ பிறகு எங்கே வெட்டியது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் யாரோ வீடியோ எடுத்தது யோகலிங்கத்தாருக்குத் தெரிந்துவிட்டது. றோட்டில் ஆட்கள் பொல்லுகளோடு நின்றார்கள். அந்த போன் வெளியே போகக்கூடாது என்று எனக்கும் சொல்லியிருந்தார்.

சிவகரன் எனக்கு அந்த வீடியோவைக் காட்டினான். முகமெல்லாம் முள் கீறிய கோடுகள். சிரித்துக்கொண்டிருந்தான்.

“இந்தமுறை தப்பேலாது. வாகன நம்பர் எல்லாம் தெரியுது, பார்.”

பார்த்தேன். ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டி இடம் காட்டுவது நான். காட்டிய இடம் படத்துக்குள் வரவில்லை.

“பயப்பிடாத. உன்ர முகத்தை மறைச்சுத்தான் போடுவன்,” என்றான். “நீ என்னத்துக்கு அங்க நிக்கிறாயெண்டு எனக்குத் தெரியும்தானே.”

முகத்தை மறைத்துப் போடுவது குற்றவாளிகளுக்கு. அந்த வீடியோவில் நான் மரத்தைக் காப்பாற்றியது இல்லை. குச்சி இல்லை. ஒரு கையும் ஒரு பெக்கோவும் மட்டும்தான். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

“அதென்னடா கொடி? கோயிலுக்கோ?” என்று கம்பைப் பார்த்துக் கேட்டான்.

“சும்மா,” என்றேன்.

“றோட்டால போகவோ, துறையால போகவோ?”

“றோட்டில ஆக்கள் நிக்கினம். துறையால போ.”

நான் சொன்னதில் பொய் இல்லை. றோட்டில் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் அவனை அடித்திருப்பார்கள், போனை உடைத்திருப்பார்கள். அவர்கள் அதுவரை யாரையும் சாகடித்ததில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கையோ காலோ முறிந்திருக்கும். ஆனால் அதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டி வந்திருக்கும். அவன் என்னைப் பார்த்துக் கத்தியிருப்பான். என்னிடம் குச்சி இருக்கவில்லை. காலையில் மரத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றி என்னிடம் தந்தான், நனையாமல் இருக்க. “அக்கரைக்கு எறிஞ்சு விடு, நான் எடுக்கிறன்,” என்றான். போனைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நடந்தான். நடுவில் ஒரு தரம் திரும்பி, தண்ணீர் குளிருகிறது என்று சொன்னான். அடுத்த அடியில் இல்லை. கை மட்டும் கொஞ்ச நேரம் நேராக நின்றது. கடைசியாகத் தெரிந்தது போன்தான். அதை நனையவிடாமல் பிடிக்கப் பார்த்திருக்கிறான்.

எனக்கு நீந்தத் தெரியும் என்று முதலிலேயே சொன்னேன். நான் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அது அன்றைய இரண்டாவது இரக்கம்.

தண்ணீர் அடங்கிய பிறகு கம்பை நட்டேன். நன்றாக ஆழமாக நட்டேன். அதற்குப் பிறகு அந்தத் துறையில் யாரும் விழவில்லை. நீங்கள் வந்தபோது கம்பு நின்றது. அதனால்தான், எச்சரிக்கை இருந்தும் கவனிக்காமல் இறங்கியவர் என்று எழுதினீர்கள். அந்த ஒரு வரிதான் யதுர்ஷிகாவைப் போட்டு வாட்டுகிறது. செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கேட்டாள், “அண்ணாவுக்குக் கண் தெரியாதோ, விஜி அண்ணா? அவ்வளவு பெரிய சிவப்புத் துணி.” நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைய குச்சி வேறு ஒருவருக்குப் போயிருந்தது.

அஞ்சலிப் பதாகையை யோகலிங்கத்தார்தான் அடித்துக் கொடுத்தார். படம் நல்ல தெளிவு.

சிவகரனின் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த பிறகு, சிறாஜின் கடைக்குப் போய் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். விதி அவனுடையது. அவனுக்குத்தான் விளங்கும் என்று நினைத்தேன். முதலில் மரத்தைச் சொன்னேன், பிறகு மற்றதை. அவன் கையில் இருந்த போனைக் கீழே வைத்தான்.

“அது விளையாட்டடா,” என்றான். “முதல் நாளே நீ எல்லாரையும் திறந்து விட்டால் கதை முடிஞ்சு போடும். அதுக்காக வச்ச விதியடா அது. கருங்கோன் கொஞ்ச நாள் இருக்க வேணுமெண்டு.”

விதி என்றால் விதிதானே என்றேன்.

அவன் மேசை லாச்சியை இழுத்துத் தீப்பெட்டியை எடுத்து, என் முன்னால் கவிழ்த்துக் கொட்டினான். குச்சிகள் நிலமெல்லாம் சிதறின.

“பெட்டி முழுக்க இருந்ததடா. நீ கேட்டிருக்கலாம்.”

பிறகு, நீயாகப் போய்ச் சொல்லு, இல்லாவிட்டால் நான் போய்ச் சொல்லுவேன் என்றான். அதனால் நானாக வந்தேன். வெளியே வாங்குப் பலகையில் அவன்தான் இருக்கிறான், துணைக்கு. பக்கத்தில் யதுர்ஷிகா.

நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அந்தக் குச்சி, ஐயா, இன்றைய குச்சி. அது அவளுக்கு. அவளுடைய அண்ணாவுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது, அவன் இறங்கும்போது துணி என் கையில் இருந்தது, அந்தக் கிடங்கு அங்கே இருப்பது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டுதான் துறையால் போகச் சொன்னேன். இதை அவளுக்குச் சொல்லலாம். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். மரத்தைப் பற்றிச் சொன்னதையும் எழுத வேண்டும், கொக்குக் குஞ்சுகளோடு சேர்த்து. அது இல்லாவிட்டால் வாசிக்கிறவர்கள் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வார்கள்.