ஐந்தாவது இன்ஜெக்டர்

காலையில் ஒரு டம்ளர் டீ உள்ளே போகாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. என் அண்ணனுடைய பழைய காரும் அப்படித்தான் சார். அதை உங்களுக்குச் சரியாக விளக்க என்னை விட்டால் இந்த ஊரில் ஆள் கிடையாது.

குளிரில் பெட்ரோல் லேசில் ஆவியாகாது. குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதனால் அந்த மாடலில் நான்கு சிலிண்டருக்கு நான்கு இன்ஜெக்டர் போக, ஐந்தாவதாகச் சின்னதாக ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பும்போது கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்து அதற்குக் கரண்ட் விடுவது இன்னொரு சுவிட்ச். சூடாக இருந்தால் விடாது. குளிரிலும் சில விநாடிகளில் தானே நிறுத்திவிடும், இல்லாவிட்டால் பிளக் நனைந்துவிடும். எவ்வளவு பொறுப்பான பொருள் பாருங்கள்.

இருபத்திரண்டு வருஷம் அந்தக் காரை என்னைத் தவிர யாரும் தொட்டதில்லை. போன மாதம் அண்ணன் அதை மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டார். என் மெக்கானிக் ஷெட்டுக்கு வந்தவரிடம் ஏன் என்று கேட்டேன். என் வாடிக்கையாளர்கள் நான்கு பேர் நிற்கும்போதே பதில் சொன்னார்.

"உனக்குக் கை நடுங்குதுடா. பேசாம வீட்ல உக்காந்து ரெஸ்ட் எடு."

அவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். மேட்டின் மேல் தனி வீடு, அக்கம்பக்கம் கிடையாது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். பானெட்டைத் திறந்து, ஐந்தாவது இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரின் முனையைக் கழற்றி, அதற்குள் இருக்கும் உலோகப் பின்னை ஓர் அரிசியளவு பின்னுக்குத் தள்ளி, மறுபடி மாட்டினேன். வெளியே பார்த்தால் மாட்டியிருக்கும், உள்ளே தொடாது. நான் வாய் திறக்காவிட்டால் உங்கள் போலீஸ் ஆட்கள் ஆயுசுக்கும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். நடுங்குகிற கை செய்கிற வேலையா இது?

பிரேக்கில் நான் கை வைக்கவில்லை. ஆளைக் கொல்லும் எதையும் தொடவில்லை. காலைக் குளிரில் கிளம்பாது, வெயில் ஏறினால் கிளம்பும், அவ்வளவுதான். மெயின் ரோட்டுக்காரன் இரண்டு நாள் வந்து பார்த்தான், இரண்டு நாளும் மத்தியானத்தில். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆனது. ஒன்றும் புரியாமல் தலையைச் சொறிந்தானாம். அடுத்து அண்ணன் என்னிடம்தான் வந்தாக வேண்டும் என்று காத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அண்ணி போன் செய்தார்கள்.

"தம்பி, அண்ணனுக்கு நெஞ்சு வலி. வண்டி கிளம்ப மாட்டேங்குது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகுமாம். சீக்கிரம் வாப்பா."

என் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். பின்னை இழுத்துவிட ஒரு நிமிடம். என் வண்டியிலேயே கூட்டிப் போயிருக்கவும் முடியும். கையில் டீ இருந்தது.

"அண்ணன்கிட்ட போனைக் குடுங்க. அவரே கூப்பிடட்டும்."

"அவரால பேச முடியலப்பா."

"பேசுவாரு, குடுங்க."

அண்ணி போனை அவர் காதில் வைத்தார்கள். மூச்சுச் சத்தம் வந்தது. நான் காத்திருந்தேன். டீயை ஆறவிடாமல் குடித்து முடித்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தமும் நின்றது.

பின்னைத் தள்ளியது நான்தான். போகாமல் உட்கார்ந்திருந்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கை நடுங்குகிறதா என்று நீங்களே பாருங்கள்.

இதையும் சேர்த்து எழுதுங்கள் சார். 'தம்பி, வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிப் போயிருப்பேன். சாகிற நேரத்திலும் அந்த மனுஷனுக்கு அப்படி என்ன பிடிவாதம்.